யாரும் உட்காராத சீட்

சுள்ளிமேட்டில் ஆள் சாவதற்கு மூன்று நாள் முன்பே தகவல் வர ஆரம்பித்த அந்த வருஷம்தான், கொப்பரைக் களம் வைத்திருந்த திருமூர்த்தி தன் பழைய ஆஸ்டின் காருக்கு இங்கிலாந்திலிருந்து தோல் சீட் வரவழைத்திருந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று ஊர் ஒப்புக்கொள்ள இரண்டு பேர் போக வேண்டியிருந்தது. அது என்ன சம்பந்தமென்று திருமூர்த்தி ஒப்புக்கொள்ளப் பதினோரு பேர் போக வேண்டியிருந்தது.

பாட்டில் பச்சை நிறத்தில், முன்பக்கம் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும் அந்தக் காரை அவர் கோத்தகிரி எஸ்டேட் ஏலத்தில் எடுத்து வந்து, எஞ்சினைப் பிரித்து, டிங்கர் வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து, வருஷா வருஷம் கோயமுத்தூரில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஒரு வருஷம் அங்கே பரிசு கொடுக்க வந்திருந்த நடுவர் கதவைத் திறந்து, சீட்டில் இருந்த கிழிசலுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்து, "ரெக்ஸினா?" என்று சிரித்தார். அவ்வளவுதான். அந்த விரல் திருமூர்த்தியின் நெஞ்சுக்குள்ளேயே போய்விட்டது. ஊரில் குஷன் கடை வைத்திருந்த ஆறுச்சாமி, "ரெக்ஸினுலயே நல்ல ரகம் வந்திருக்குதுங்ண்ணா, ரெண்டே நாள்ல போட்டுக் குடுத்தர்றனுங்க" என்று சொன்னபோது, தன் குலதெய்வத்தையே பழித்துவிட்ட மாதிரி திருமூர்த்தி அவரைத் திட்டி அனுப்பிவிட்டார். மகள் சுபிக்ஷாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணழைப்புக்கு அவள் அந்தக் காரில் அசல் தோல் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும், அதைச் சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும், முடிந்தால் அந்த நடுவரும் வந்து பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கோயமுத்தூரில் வேலை பார்த்த சுபிக்ஷா, இணையத்தில் தேடித் தேடிக் கடைசியில் மழை விடாத ஏதோ ஒரு இங்கிலாந்து ஊரில், இந்த ரகக் காருக்கு மட்டும் அறுபது வருஷமாகக் கையால் சீட் தைத்துக்கொண்டிருந்த பெத்ரிக் என்ற கல்யாணமாகாத கிழவியைக் கண்டுபிடித்தாள். பெத்ரிக் அம்மாள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டின் அளவைத் தாளில் வரைந்து அனுப்பச் சொன்னாள். ரெக்ஸினுக்கு அடியில் மிச்சமிருந்த பழைய தோலில், வெயில் படாத இடமாகப் பார்த்து உள்ளங்கையளவு வெட்டி அனுப்பச் சொன்னாள். அதெல்லாம் அனுப்பிய பிறகு, இந்தச் சீட்டில் யார் யார் உட்காருவார்கள், எந்த இடத்தில், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ என்று கேட்டு எழுதினாள். "யாரும் உட்கார மாட்டாங்க, சும்மா பார்வைக்குத்தான்னு எழுதிப் போடு" என்றார் திருமூர்த்தி. யாரும் உட்காராத சீட்டை நான் செய்வதில்லை என்று மறுநாளே பதில் வந்தது.

ஆக ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் கொப்பரை மூட்டை எடை போடும் தராசில் குடும்பமே ஏறி நின்றது. டிரைவர் சீட்டுக்குத் திருமூர்த்தி, எண்பத்திரண்டு கிலோ. பின்சீட்டுக்குச் சுபிக்ஷா, ஐம்பத்தொன்று. முன்பக்கம் இடது சீட்டுக்கு அவர் மனைவி சாரதாமணி, ஐம்பத்தெட்டு. "என்ற பேரை எதுக்குங்க எழுதறீங்க, நான் எப்ப அதுல ஏறியிருக்கிறேன்?" என்று சாரதாமணி கேட்டது உண்மைதான். களத்திலிருந்து வரும்போது அவள் சேலையில் கொப்பரைத் தூசி இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதனால் அவள் காரில் ஏறாமல் பஸ்ஸில் போவதுதான் அந்த வீட்டு வழக்கம், அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, கேட்டும் பார்க்கவில்லை.

மாசி மாதம் கொச்சித் துறைமுகம் வழியாக மரப்பெட்டி வந்து சேர்ந்தது. பலகையை நெம்பியதும் மழை பெய்து நின்ற மாதிரி ஒரு ஈர வாசனை எழுந்து, அந்தக் கொடும் வெயிலில் களத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அரக்கு நிறத் தோல். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. வழியில் சிராய்ப்பு படாமல் இருக்கக் கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக் கவர் போட்டு அனுப்பியிருந்தாள், கவருக்கு மேல் ஒரு கடிதத்தைக் குத்தி வைத்திருந்தாள். அதைப் படம் எடுத்து அனுப்ப, சுபிக்ஷா போனிலேயே படித்துத் தமிழில் சொன்னாள்: "கவரை இன்றே கழற்றி எறிந்துவிடுங்கள். இது ஆளுக்காகச் செய்த தோல். எடை கொடுத்தவர்கள் நாற்பது நாள் தினமும் உட்காருங்கள். பிறகு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். காக்க வைக்காதீர்கள், அது பொறுக்காது."

"வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும்? அங்க புழுதியா, வெயிலா?" என்று திருமூர்த்தி சிரித்தார்.

புதுச் சாமான் வாங்கினால் கவரைக் கழற்றாமல் வைத்திருப்பது நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. சுள்ளிமேட்டில் டிவி ரிமோட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பிறந்து உறைக்குள்ளேயே செத்தன. பாதி வீட்டு மெத்தைகள் வாங்கி ஏழு வருஷமாகியும் கம்பெனி உறையோடு சரசரத்தன. ஆறுச்சாமி சீட்டுகளைப் பொருத்தும்போது, "கவரைக் கழட்டிப்போட்டு மாட்டட்டுங்களாண்ணா?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். "கழட்டுனா கைய எடுத்துருவேன்" என்றார் திருமூர்த்தி. கவரோடு மாட்டினார்கள். காரைக் கொட்டகைக்குள் கையால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அதன் பிறகு எஞ்சின் இறுகாமல் இருக்க வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பும்போதுகூடத் திருமூர்த்தி வெளியே நின்றபடி முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுற்றித்தான் கிளப்பினார். கடிதத்தை மடித்து டேஷ்போர்டு அறைக்குள் போட்டார், பெத்ரிக் அம்மாளை மறந்தார்.

நாற்பத்தோராவது நாள் காலையில், வழக்கம்போலக் கவரைத் துடைக்கப் போனவர் பின்சீட்டின் ஓரத்தில் ஒரு அழுத்தத்தைப் பார்த்தார். மேலே பிளாஸ்டிக் ஒரு சுருக்கமும் இல்லாமல் விறைப்பாக இருந்தது. அதற்குக் கீழே தோல், யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி குழிந்து கிடந்தது. குழியின் வலது பக்கத்தில் சின்னதாய், சதுரமாய் இன்னொரு குழி. "சாயங்காலம் பார்த்தீன்னா தானா எழும்பிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு மனசு கேட்காமல் ஆறுச்சாமியை வரச் சொன்னார். ஆறுச்சாமி டேப்பை வைத்து அகலம், ஆழம் பார்த்து, "உள்ள பஞ்சு எறங்கலீங்கண்ணா, ஸ்பிரிங் கண்டிசனாத்தான் இருக்குது, ஆளு உட்காந்த மாதிரிதானுங்க இருக்குது" என்றார். மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் மாணிக்கவாசகம் டீக்கடை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து செத்துப்போனார். அவர் பேண்டின் வலது பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு சதுர மூக்குப்பொடி டப்பா இருக்கும். எடுத்துக் கிடத்தும்போது அதைப் பாக்கெட்டிலிருந்து உருவியவர் ஆறுச்சாமிதான், உருவியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அன்று சாயங்காலம் சீட்டில் குழி இல்லை.

அடுத்து மாவு மில் மாராத்தாள். அந்த அகலத்துக்கு ஊரில் வேறு ஆளே கிடையாது. அதன் பிறகு ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

முதலில் பயந்தார்கள், அதை இல்லையென்று சொல்ல முடியாது. பத்து நாள் யாரும் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை, ஆடுகளைக்கூட வேறு வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார், பிறகு நாலு பேர் வந்தார்கள், பிறகு காலை டீ குடித்த கையோடு சீட்டைப் பார்த்துவிட்டுப் போவது பேப்பர் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆறு மணிக்குத் திருமூர்த்தி கொட்டகையைத் திறப்பார். ஆறுச்சாமி டேப்போடு வருவார். குழி இருந்தால் அளவெடுத்துச் சொல்வார், அவர் தொழிலில் ஊரில் எல்லோருடைய உட்காருமிடமும் அவருக்கு அத்துப்படி. இரண்டு பேருக்குள் சந்தேகம் வந்தால் இருவரையும் கூப்பிட்டு மணல் மேல் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். "அவருக்குச் சீட்டுல விழுந்திருச்சு" என்பது ஊரில் ஒரு பேச்சாகவே ஆனது. சீட்டில் விழுந்தவர்களில் ஒருவர் இருபது வருஷம் பேசாத தம்பியின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் மூன்று நாளும் பலாப்பழமாகத் தின்று, சிரித்த முகத்தோடு போனார். பந்தல்காரர்கள் தினமும் காலையில் வந்து சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் வேலைக்கு ஒத்துக்கொண்டார்கள். பிழைத்துக் கிடந்தவர்கள் தங்கள் அச்சு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று மெத்தென்ற எதிலும் உட்காருவதை விட்டார்கள். சோபா வைத்திருந்தவர்கள் அதைத் திண்ணைக்கு வெளியே போட்டார்கள், அதில் நாய்கள் படுத்தன.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதைக் கொளுத்திவிடலாம் என்று சொன்ன ஒரே ஒரு ஆளைப் பஞ்சாயத்துத் தலைவர் உட்காரச் சொல்லிவிட்டு எழுந்தார். "போறவங்க எப்படியும் போறாங்க. முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானுங்களே? எந்த ஊருக்குங்க இந்த வசதி இருக்குது?" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. காரை விற்கக் கூடாது, எரிக்கக் கூடாது, முக்கியமாக அச்சு கலைந்துபோகும் என்பதால் யாரும் அதில் உட்காரக் கூடாது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாரியம்மன் நோன்பில் அந்த வருஷம் முதல் மரியாதை திருமூர்த்திக்கு. கழுத்தில் மாலையோடு நின்றபோது அந்த நடுவரின் விரல் நெஞ்சிலிருந்து கழன்று விழுந்ததை அவர் தெளிவாக உணர்ந்தார். இதைச் சொல்லத்தான் வேண்டும்: மனுஷன் சந்தோஷமாக இருந்தார்.

ஐந்தாவதாக விழுந்தது ஆறுச்சாமியின் மனைவி ருக்மணிக்கு. அளவெடுத்தவர் ஆறுச்சாமியேதான். டேப்பை ஒருதரம் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், பிறகு டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பத்து மணிவாக்கில் ருக்மணி தலை குளித்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவளுக்கு நாற்பது வயசுகூட இருக்காது.

"அண்ணா, எப்படியும் போறேன். ஒருக்கா அதுல உட்காந்து பாக்கட்டுங்களா? எங்கூட்டுக்காரரு மாட்டுன சீட்டுங்க, நான் இதுவரைக்கும் ஒரு கார்ல முன்னால உட்காந்ததே இல்லீங்க" என்றாள்.

திருமூர்த்தி கவரைப் பார்த்தார். அவள் பட்டுச்சேலையின் ஜரிகையைப் பார்த்தார். "ஊர்ல எழுதி வெச்சிருக்குதே ருக்மணி" என்றார். பிறகு, உண்மையும் அதுதான் என்பதால், "உட்காராத அம்முணி, தோலு அழுங்கிப் போயிரும். பாப்பா கல்யாணம் முடியட்டும்" என்றார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ருக்மணி சிரித்தாள், "சரிங்ண்ணா" என்று சொல்லிக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துவிட்டுப் போனாள். சமையல்கட்டு ஜன்னலில் நின்றிருந்த சாரதாமணி இதைக் கேட்டாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை, ஏனென்று அவரும் கேட்கவில்லை.

ருக்மணி மூன்றாம் நாள் போனாள். காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆறுச்சாமி டேப்போடு வந்து நின்றார். அதற்குப் பிறகு ஆறு பேர். ஆடி மாதத்துக்குள் பதினொன்று.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கையில், திருமூர்த்தி கொட்டகையைத் திறந்தபோது அச்சு முன்பக்கம் இடது சீட்டில் இருந்தது. அங்கே அதுவரை விழுந்ததே இல்லை. வலது பக்கம் ஆழமாகவும் இடது பக்கம் மேலோட்டமாகவும் சாய்ந்த ஒரு குழி. ஆறுச்சாமியும் டேப்பும் அவருக்குத் தேவைப்படவில்லை. சுபிக்ஷா பிறந்ததிலிருந்து சாரதாமணிக்கு இடது இடுப்பில் வலி உண்டு. இருபத்தெட்டு வருஷமாகக் களத்தில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்துதான் கொப்பரை பிரிப்பாள். அவள் எழுந்து போன பிறகு சாக்கில் கிடக்கும் பள்ளத்தை, மூட்டையைத் தூக்க வரும்போதெல்லாம் அவர் பார்த்திருக்கிறார். அவள் முகத்தைக்கூட அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டார்.

பதினோரு பேருக்குச் செய்யாததை இப்போது செய்தார். கவரின்மேல் உள்ளங்கையால் தட்டினார், நீவினார், குழி நிரம்பவில்லை. வெளியே வந்து கொட்டகையைப் பூட்டினார். வந்தவர்களிடம், "இன்னைக்கு ஒண்ணும் விழலைங்க, போங்க" என்றார். ஆறுச்சாமி மட்டும் நின்று, பூட்டையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரிங்ண்ணா" என்றார். ருக்மணி சொன்ன மாதிரியே சொன்னார்.

திருமூர்த்தி வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது சாரதாமணி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தேங்காய் உரிக்கும் கத்தி இடுப்பில் இருந்தது.

"எனக்குத்தானுங்களே?" என்றாள்.

அவர் கேனைக் கீழே வைத்தார். அழுகை வந்துவிட்டது. "கொளுத்திப் போடறேன் சாரதா. ஊரு என்ன வேணாப் பண்ணிக்கிட்டும்."

"கொளுத்துனா அதும் சேந்து போகுமோ, நான் மட்டும் போவனோ, யாருக்குங்க தெரியும்?" என்றாள். "அந்தம்மா ஒரு கடுதாசி போட்டுச்சல்லங்க, அதுல என்ன எழுதியிருந்துச்சு? பாப்பா படிச்சப்ப நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். உட்காரச் சொல்லிச்சு. காக்க வெக்காதீங்கன்னுச்சு. நீங்க ஒரு ஆளையாவது உட்கார வுட்டீங்களா? எம்பட எடையையும் குடுத்துப்போட்டு, என்னையும் உட்கார வுடலீங்க. அது ஆளுக்காகச் செஞ்சதுங்க. ஆளு வரலீன்னா அது என்ன பண்ணும்? தானாக் கூப்பிடுது."

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை உருவிப் பூட்டைத் திறந்து, கார் கதவைத் திறந்து, முன்சீட்டுக் கவரில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அடைந்து கிடந்த மழை வாசனை குப்பென்று வெளியே வந்தது. "சேலையைத் தட்டிப்போட்டு உட்காரு" என்று திருமூர்த்தியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பெண்டாட்டியின் உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் அதுதான் வந்தது. அதை விழுங்கினார். அவர் அந்த வருஷத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாரதாமணி அந்தக் குழிக்குள் ஒருக்களித்து உட்கார்ந்தாள். கொஞ்சமும் கூடக்குறைய இல்லை. தோல் ஒரு பெருமூச்சு விட்டது, அதை இருவரும் கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள் அவள்.

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையிலும் சாயங்காலமும் போய் உட்கார்ந்தாள். நாலாம் நாள் காலையில் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி விஷயத்தை ஊரில் எத்தனை நாள் மறைக்க முடியும்? கிழிந்த கவரை ஒருத்தர் பார்த்தார், அவள் உட்கார்ந்திருந்ததை இன்னொருத்தர் பார்த்திருந்தார், இரண்டும் டீக்கடையில் ஒன்று சேர்ந்தன; விழுந்தவர்கள் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது ஊருக்குப் புரிந்துபோனது. கூட்டம் வரும், கல் விழும் என்று திருமூர்த்தி கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார். கூட்டம் வந்தது, ஆனால் சத்தமே இல்லை. பதினோரு வீட்டாரும் கொட்டகைக்குள் வந்து, வரிசையாக, பின்சீட்டுக் கவரின் வழியே தங்கள் ஆளின் அச்சு விழுந்திருந்த இடத்தை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்கள். கூட்டத்தில் தாங்களும் கையெழுத்துப் போட்டதை அவர்களில் ஒருவரும் பேசவில்லை. அந்தத் தீர்மானத் தாள் எங்கே போனதென்று பிற்பாடு தேடியும் கிடைக்கவில்லை. கடைசியாக வந்தது ஆறுச்சாமி. டேப்பைப் பையிலிருந்து இழுப்பதும் விடுவதுமாக நின்றார், அது சர்ரென்று போய்ப் போய்ச் சுருண்டது.

"ருக்மணி அன்னைக்குக் கேட்டுச்சுங்களாண்ணா?" என்றார்.

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க என்ன சொன்னீங்கன்னு அப்படியே எங்கிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போச்சு" என்று சொல்லிவிட்டு ஆறுச்சாமி டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

பஞ்சாயத்துத் தலைவர் உடனே புதுக் கணக்குப் போட்டார். அச்சு விழுந்தால் அந்த ஆள் வந்து உட்கார வேண்டியது, பிழைத்துக்கொள்ள வேண்டியது. இனிமேல் சுள்ளிமேட்டில் சாவே இல்லை. இப்பேர்ப்பட்ட பொருள் ஒரு தனி ஆள் கொட்டகையில் இருக்கலாமா? காரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சமுதாயக் கூடத்தில் நிறுத்தினார்கள். கல்யாணத்தன்று பெண்ணழைப்புக்கு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். சாவி ஆறுச்சாமியிடம் இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவர் முதல் வேலையாகப் பொள்ளாச்சி போய்க் கெட்டியான பிளாஸ்டிக் வாங்கி வந்து, எல்லாச் சீட்டுக்கும் புதுக் கவர் தைத்துப் போட்டார், விழுந்தவர்கள் தவிர வேறு யாரும் உட்கார்ந்து அச்சைக் கலைத்துவிடக் கூடாதே. ஆவணி பிறந்ததும் பால் சொசைட்டிச் செயலாளருக்கு விழுந்தது. பூட்டைத் திறந்து, கவரை விலக்கி உட்காரவைத்தார்கள், பிழைத்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு விழுந்தது, உட்காரவைத்தார்கள், பிழைத்தாள். பட்டாசு வெடித்தார்கள். ஆறுச்சாமி கதவைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் ருக்மணி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை விடிந்தபோது திருமூர்த்தியின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள், வாழைமரம் கட்டியாகிவிட்டது. உள்ளே சாரதாமணி சொந்தக்காரப் பெண்களோடு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், சுபிக்ஷாவின் கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி தாண்டி ஆறுச்சாமி போன் பண்ணினார். "அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். குரலில் வித்தியாசமாக எதுவும் இல்லை. நாளை பெண்ணழைப்புக்குக் காரைத் துடைத்து வைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திருமூர்த்தி கையில் ஒரு புதுத் துண்டோடு போனார்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். டிரைவர் சீட்டில், விறைப்பான புதுக் கவருக்குக் கீழே, அகலமாக, ஆழமாக, எண்பத்திரண்டு கிலோவுக்கான பள்ளம் விழுந்திருந்தது.

ஒரு நொடி அந்தப் பள்ளத்தையே பார்த்தார். அடுத்த நொடி அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அட, எனக்கா? போச்சாது போங்க, உட்காந்தாத் தீந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பூட்டியிருந்தது. மறுபடி இழுத்தார்.

"சாவி, ஆறுச்சாமி" என்றார்.

ஆறுச்சாமி டேப்பை நிதானமாகச் சுருட்டினார். அவருக்குப் பக்கத்தில் போஸ்ட்மாஸ்டரின் மகன் வந்து நின்றான். மாராத்தாளின் புருஷன் வந்து நின்றார். பலாப்பழம் தின்று செத்தவரின் பெண்டாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். பதினோரு வீட்டாரும் காரைச் சுற்றி, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் விட்டு நிற்கிற மாதிரி அமைதியாக நின்றார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் கெஞ்சியிருப்பார். பஞ்சாயத்துத் தலைவர் மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டு ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டது. அந்தச் சத்தத்தில் இங்கிருந்து எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் சாரதாமணிக்குக் கேட்காது என்பது திருமூர்த்திக்குப் புரிந்தது.

"உட்காராதீங்கண்ணா" என்றார் ஆறுச்சாமி, ரொம்ப மரியாதையாக. "தோலு அழுங்கிப் போயிரும். பாப்பா கல்யாணம் முடியட்டுமுங்க."

வழக்கம்போலக் காலையில் சீட்டைப் பார்க்க வந்து பின்னால் நின்றிருந்த பந்தல்காரர்களில் ஒருவர், விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"அப்ப வெள்ளிக்கிழமை அந்தப் பந்தலைப் பிரிக்க வேண்டாமுங்களா?"